கடற்கரைக் கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் பிடிப்பது எப்படி?

என் தம்பி கல்யாணம் மாமல்லபுரத்தில், கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் நடந்தது. எங்கள் ஊர் கோபி பக்கம். பெண் வீட்டாரும் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான், ஆனால் சென்னையில் குடியேறி வெகுகாலம் ஆயிற்று. சமையல், பந்தல், பூ, மேளம் எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். போட்டோகிராபர் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. செல்போனில் பார்த்த நாலு அழகான படங்களை நம்பி, அங்கேயே இருக்கும் ஒரு குழுவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

படங்கள் மோசமில்லை. ஆனால் இணைச்சீர் படம் இல்லை. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அவனுடன் பிறந்தவள் செய்கிற சீர் அது. எங்கள் வீட்டில் அதைச் செய்தவள் நான். சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரர் அழைத்து நாங்கள் உட்கார்ந்தபோது அங்கே ஒரு கேமராவும் இல்லை. அவர்கள் கையில் இருந்த பட்டியலில் அப்படி ஒரு சடங்கே கிடையாது. உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் எடுத்த மங்கலான படம் ஒன்றுதான் மிச்சம். அதில் அப்பத்தா தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறார். அடுத்த வருஷம் அவர் தவறிவிட்டார்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் மூன்று வெளியூர்க் கல்யாணங்களுக்கு இந்த வேலையை நானே கேட்டு வாங்கிச் செய்தேன். அதில் கற்றதை, முதல்முறை இறங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். மாமல்லபுரத்தை வைத்தே சொல்கிறேன். சென்னையிலிருந்து இ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி வரை எங்கே வைத்தாலும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

1. தேதி உறுதியான அன்றே தேட ஆரம்பியுங்கள்

நம் கல்யாணங்கள் வருஷம் முழுக்கப் பரவி நடப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கிடையாது. புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தால் எல்லோரும் ஒரு கைப்பிடி நாட்களுக்குள்தான் வந்து விழுகிறோம். தை மாதத்து முதல் நல்ல முகூர்த்தத்துக்கு நல்ல போட்டோகிராபர் வேண்டுமென்றால் ஆடியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வெளியூர் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளூர்க் கல்யாணத்துக்கு ஒருவர் ஒன்றரை நாள் ஒதுக்கினால் போதும். வெளியூருக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று அவருக்கு மூன்று நான்கு நாட்கள் போய்விடும். அதனால் முகூர்த்த நாள் காலியா என்று மட்டும் கேட்காதீர்கள். முந்தின நாளும் மறுநாளும் காலியா என்று கேளுங்கள். முந்தின நாள் இரவு வேறு கல்யாணத்தை முடித்துவிட்டு விடிய விடிய வண்டி ஓட்டி வருகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் காலையில் கண் சொருகித்தான் நிற்பார்.

2. நம் ஊர்க்காரரா, அங்கே இருப்பவரா?

எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் இது. அங்கேயே இருப்பவரைப் பிடித்தால் பயணச் செலவு மிச்சம், அறை வேண்டாம், இடமும் அத்துப்படி. நம் ஊரிலிருந்து கூட்டிப் போனால் நாலைந்து பேருக்கு வண்டி, இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு.

நான் இரண்டு விதமும் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டுச் சடங்கு தெரிந்தவரைத்தான் கூட்டிப் போங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இடத்தை ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சடங்கை அப்படி ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது. தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், பத்துப் பேர் போனைத் தூக்குவார்கள். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். அதற்கு முன்பே எங்கே போய் நிற்க வேண்டும், நாத்தனார் எந்தப் பக்கம் வருவார் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் படம் கிடைக்கும். செட்டிநாட்டுக் கல்யாணம், ஐயர் வீட்டுக் கல்யாணம், கொங்குக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டம் வேறு.

அங்கே இருக்கும் குழு பிடித்துப் போய்விட்டதா? சரி, அவர்களையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சமூகத்து முறைப்படி அவர்கள் முன்பு எடுத்த கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் டிரெடிஷனல் போட்டோவுக்கு, அதாவது சடங்குகளையும் மேடையில் நிற்கிறவர்களையும் வரிசையாக எடுப்பதற்கு, உங்கள் ஊர்க்காரர் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். நிற்க வைக்காமல் இயல்பாக எடுக்கிற கேண்டிட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு குழுவையும் முன்கூட்டியே போனில் பேச வைத்துவிட்டால் மேடையில் இடித்துக்கொள்ள மாட்டார்கள்.

3. ஒரே ஒரு கல்யாணத்தை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள்

இன்ஸ்டாகிராமில் இருப்பது ஐம்பது கல்யாணங்களில் பொறுக்கிய ஐம்பது படங்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த மொத்தப் படங்களையும், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டியிருக்கும் என்பதால் லிங்க் அனுப்பத் தயங்குவார்கள், அது நியாயம்தான். நேரில் வருகிறேன், உங்கள் கம்ப்யூட்டரிலேயே காட்டுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பார்க்கும்போது மணப்பெண்ணின் முகத்தை விட்டுவிடுங்கள், அது எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். பந்தியைப் பாருங்கள். மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைப் பாருங்கள், அவர்களுக்கு முகம் தெரிகிறதா? விடிவதற்கு முன்னால் எடுத்த படத்தில் தோல் நிறம் மஞ்சளாகவோ நீலமாகவோ திரிந்திருக்கிறதா? ஹோமப் புகைக்கு நடுவே எடுத்தது தெளிவாக இருக்கிறதா? மாநிறமானவர்களை எல்லாம் வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். பத்து வருஷம் கழித்து ஆல்பத்தைத் திறக்கும்போது அம்மா அம்மா மாதிரியே இருக்க வேண்டும்.

வீடியோவிலும் இதே மாதிரிதான். மூன்று நிமிஷ டீசரைப் பார்த்து மயங்க வேண்டாம். முழு நீளப் படத்தில் மேளச் சத்தமும் பேச்சும் கேட்கிறதா, இல்லை மேலே ஒரே பாட்டை ஓட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டார்களா என்று கவனியுங்கள். கடற்கரையில் மைக்கில் காற்று இரைச்சல் போட்டுவிடும். அதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

4. கிழக்குக் கரையின் வெளிச்சம் தெரியுமா?

இதற்குப் பதில் சொல்லத் தெரிகிறதா என்பதை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

நம் வழக்கப்படி மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும். மாமல்லபுரத்தில் கிழக்கு என்றால் கடல். ஆக மணமக்கள் கடலைப் பார்த்து உட்காருவார்கள், வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். படத்தில் மணமக்களுக்குப் பின்னால் தெரிவது ரிசார்ட் கட்டிடம். பெண் வீட்டில் மனதில் வரைந்து வைத்திருந்த ‘பின்னால் அலை, முன்னால் தாலி’ படம் கிடைக்காது. கோவாவிலும் வர்க்கலாவிலும் கடல் மேற்கே இருப்பதால் கிழக்கு பார்த்து உட்கார்ந்தாலே கடல் முதுகுப்பக்கம் வந்துவிடும். அங்கே எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே கேட்கிறோம். பந்தல்காரர் கடல் தெரியட்டும் என்று மேடையை மேற்கு பார்த்துத் திருப்பிப் போட்டுவிட, முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பெரியவர்கள் சண்டைக்கு நின்ற கல்யாணம் ஒன்றை நானே பார்த்தேன்.

இதற்கு நடுவே ஒரு வழி உண்டு. பல வீடுகளில் வடக்கு பார்த்து உட்காருவதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் கடல் மணமக்களின் வலக்கைப் பக்கம் வரும், காலை வெயில் பக்கவாட்டில் மெதுவாக விழும். இடப்பக்கமாக நிற்கும் கேமராவுக்கு மணமக்களும் கிடைப்பார்கள், பின்னால் கடலும் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் புரோகிதரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். போட்டோகிராபரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?” யோசித்துப் பதில் சொல்கிறவர் இடம் அறிந்தவர். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்கிறவர் அங்கே எடுத்ததே இல்லை.

அடுத்தது நேரம். பிரம்ம முகூர்த்தம் என்று 4:30-க்கும் 6:00-க்கும் நடுவில் வைக்கிறோம். தையில் இந்தக் கரையில் சூரியன் உதிக்க 6:30 தாண்டிவிடும். அப்படியென்றால் தாலி கட்டுவது முழு இருட்டில், கடலும் கறுப்பாகத்தான் தெரியும். எல்லா வெளிச்சமும் விளக்கில்தான் வர வேண்டும். வைகாசியிலோ 5:45-ஐ ஒட்டி உதித்துவிடுவதால் 5:30 முகூர்த்தத்தில் வானம் வெளுக்கும் அழகு முழுதாகக் கிடைக்கும். ஒரே ஊர், ஒரே முகூர்த்த நேரம், ஆனால் மாதத்தைப் பொறுத்துப் படமே மாறிவிடுகிறது. 7:30 முகூர்த்தம் என்றால் கிழக்கு பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டச் சொல்ல வேண்டும்.

சாயங்காலக் கடற்கரைப் படம் கேட்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே சூரியன் நிலத்துப் பக்கம், சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் மறையும். கடலில் இறங்காது. ஆனாலும் சூரியன் மறைந்த கையோடு கிழக்கு வானம் கொஞ்ச நேரம் இளஞ்சிவப்பாக மாறும், மணலில் நிழல் இருக்காது, முகத்தில் வெளிச்சம் ஒரே சீராக விழும். அந்தக் கால் மணி நேரத்தை வரவேற்பு மேக்கப்புக்குப் பலி கொடுக்காதீர்கள். பௌர்ணமியை ஒட்டி நாள் அமைந்தால் அந்தச் சாயங்காலம் நிலா கடலிலிருந்து எழும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் பனி படிந்து வெளுத்துப் போகும், தெளிய நேரமாகும். பழகியவர்கள் கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் முன்னால் வெளியே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இதை எப்படிச் சமாளிப்பார் என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்.

5. வரப்போவது யார்?

ஒரே முகூர்த்தத்தில் ஒரு ஸ்டுடியோ மூன்று கல்யாணம் எடுத்துக்கொள்வது சகஜம். உங்களிடம் பேசியவர் ஒரு இடத்துக்குப் போவார், மற்ற இரண்டுக்கும் தெரிந்த ஆட்களை அனுப்புவார். அது தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்த்துப் பிடித்த படங்களை எடுத்தவர் யாரோ அவர் வர வேண்டும், இல்லையென்றால் வருகிறவரின் படங்களை உங்களுக்குக் காட்ட வேண்டும். டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ என்று நான்கு பேர் வருவதானால் நான்கு பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார் என்பதும் அதில் இருக்கட்டும். சொந்த ஊர் என்றால் கடைசி நேரத்தில் ஆள் பிடிக்கலாம், 400 கிலோமீட்டர் தள்ளிப் போய் யாரைத் தேடுவது?

முடிந்தால் நிச்சயதார்த்தத்துக்கு அதே குழுவை அரை நாள் வைத்துப் பாருங்கள். படம் எப்படி வருகிறது என்பதோடு, பெரியவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், பெண்ணை ‘இப்படித் திரும்பு, அப்படிச் சிரி’ என்று வாட்டுகிறார்களா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ப்ரீ வெடிங் ஷூட்டில் மணமக்கள் இரண்டு பேரிடமும் பழகுவதை மட்டும்தான் பார்க்க முடியும்.

6. அனுமதி விஷயங்கள்

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆனவை. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளன. டிரைபாட், விளக்கு, உடை மாற்றும் கூட்டம் என்று போய் இறங்கினால் காவலர் தடுப்பார், தடுக்கவும் வேண்டும். அந்த மாதிரிப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். “எனக்கு அங்கே ஆள் தெரியும்” என்று சொல்கிற போட்டோகிராபரை விட, அனுமதிக் கடிதத்தைக் காட்டுகிறவரை நம்புங்கள்.

ட்ரோன் பறக்கவிட 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் இருக்கின்றன. நாட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், பச்சையில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். உங்கள் ரிசார்ட் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ட்ரோன்காரருடையது. ட்ரோனின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ரிசார்ட்டிடமும் தனியாகக் கேளுங்கள், சில இடங்களில் பக்கத்து அறை விருந்தினர்களுக்காக அவர்களே விடுவதில்லை. வெளியிலிருந்து வரும் போட்டோகிராபருக்கும் கூடுதல் விளக்குகளின் மின்சாரத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இன்னொன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி கண்டுபிடிக்கும். மணலில் பெரிய விளக்கை நிறுத்தி ராத்திரி ஷூட் வைத்தால் அவை நிலத்துப் பக்கம் திரும்பிச் செத்துப்போகும். தை, மாசி, பங்குனிக் கல்யாணங்களில் ராத்திரிப் படங்களை ரிசார்ட் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. ரேட்டும் எழுத்தும்

இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது கடைசித் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒருவர் பயணம், தங்குமிடம், ஆல்பம் எல்லாம் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் எதையும் சேர்க்காமல் சொல்வார். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறதா வெளியேவா, எத்தனை நாள், எத்தனை மணி நேரம், ஆல்பத்தில் எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு, திருத்தாத படங்கள் எல்லாம் கிடைக்குமா, ஆல்பம் எந்தத் தேதிக்குள் என்பதை இருவரிடமும் ஒரே வரிசையில் எழுதி வாங்குங்கள். பணத்தை மூன்று நான்கு தவணையாகக் கொடுங்கள். கால்வாசித் தொகை ஆல்பம் கைக்கு வரும்வரை உங்களிடமே இருக்கட்டும். முழுப் பணமும் வாங்கிய பிறகு ஆல்பம் இரண்டு வருஷம் இழுத்த கதைகள் எல்லாச் சொந்தத்திலும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம் என்றால் புயலுக்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. அப்படி நாள் தள்ளிப் போனாலோ இடம் மாறினாலோ அட்வான்ஸ் புதுத் தேதிக்குச் செல்லுமா, அன்று அவர் வேறு கல்யாணத்தில் இருந்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதியிருக்க வேண்டும்.

படங்களின் உரிமை பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை முதல் உரிமையாளர் நீங்கள்தான். ‘வேறு ஒப்பந்தம் இல்லாத வரை’ என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவர்கள் நீட்டும் தாளில் பத்தாவது வரியில் உரிமையெல்லாம் ஸ்டுடியோவுக்கு என்று இருக்கலாம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். விளம்பரத்துக்குப் போடுவதானால் எங்களிடம் காட்டிவிட்டுத்தான், குழந்தைகள் படம் கூடாது என்று சேர்க்கச் சொன்னோம், மறுப்பு ஏதும் சொல்லாமல் சேர்த்தார்கள்.

கேமராவில் இரண்டு கார்டு போட்டு ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவு செய்கிறார்களா என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முன் எல்லாப் படங்களையும் நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி போடச் சொல்லுங்கள். அது உங்கள் வண்டியில் வரட்டும், அவர்களுடையது அவர்கள் வண்டியில் போகட்டும். ராத்திரி நெடுஞ்சாலைப் பயணத்தில் எல்லாமே ஒரே பையில் இருக்க வேண்டாம்.

8. கடைசி வாரம்

சடங்குகளை நேர வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். பந்தக்கால், நலங்கு, பெண் அழைப்பு, சீர்கள், தாலி கட்டு, அம்மி மிதித்தல் என்று உங்கள் வீட்டு வழக்கில் என்ன பெயரோ அதே பெயரில். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் யார் யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும். இதை அம்மாவோ அத்தையோ சொல்ல நீங்கள் எழுதுவது நல்லது, நமக்கு மறந்துபோவது அவர்களுக்கு மறக்காது. கண்டிப்பாகப் படம் வேண்டிய பெரியவர்கள் பெயரையும் தனியாக எழுதுங்கள். எழுந்து நடக்க முடியாதவர்களிடம் கேமராதான் போக வேண்டும்.

குழு முந்தின நாள் மதியமே வந்து சேரட்டும். மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது, பெண் அறையிலிருந்து மேடைக்கு எந்த வழி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நடந்து பார்க்கட்டும். இரண்டு வீட்டிலும் ஒவ்வொருவரை அவர்களோடு விடுங்கள். சித்தப்பா யார், தாய்மாமன் யார் என்று கைகாட்டத் தெரிந்த, மேடையில் வேலை இல்லாத ஆளாக இருக்க வேண்டும். எங்கள் அடுத்த கல்யாணத்தில் கல்லூரியில் படிக்கும் மாமன் மகள் அந்த வேலையை அத்தனை அழகாகச் செய்தாள்.

அவளிடம் நான் ஒப்படைத்த முதல் வேலை சாப்பாடு. என் தம்பி கல்யாணத்தில் இணைச்சீர் நேரத்தில் அந்தக் குழு எங்கே போயிருந்தது என்று பிறகுதான் விசாரித்தேன். விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் நின்று, கடைசியில் ரோட்டோரக் கடை தேடிப் போயிருக்கிறார்கள். ரிசார்ட்டில் அவர்களுக்கென்று யாரும் இலை போடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சீர் தொடங்குவதற்கு முன் நடக்கும் முதல் பந்தியிலேயே நாலு இலை அவர்களுக்குப் போட்டுவிடுகிறோம்.